காலையில் வாசித்த வசனம் மதியத்துக்குள் எங்கே போகிறது?

ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி 6 வருடங்களாக வாசித்துவருகிறார். ஒரு வருடம்கூட முடிக்காமல் விட்டதில்லை. ஆனால் காலையில் வாசித்தது மதியம் நினைவில் இல்லை. ‘லெக்சியோ திவினா’ என்று ஒரு வாசிப்பு முறை இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். அது என்ன, புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவர் அதைச் செய்யலாமா, காலையில் கிடைக்கும் 20 நிமிடம் அதற்குப் போதுமா என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் அந்த 6 வருடங்களை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. வருடத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று, சில நாள் நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். இப்படிப் பல முறை போய்வந்தவருக்கு எது முன்னால், எது பின்னால், யார் யாருக்கு எழுதினார் என்ற வழித்தடம் மனதில் பதிந்திருக்கும். அது எவ்வளவு உதவும் என்பதைக் கீழே ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். ஆனால் அட்டவணைக்கு ஓர் இழுப்பு உண்டு. இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதே கண் அடுத்த அதிகாரத்தின் எண்ணைத் தேடும். முடிப்பதற்காக வாசிப்பது ஒன்று, ஒருவர் பேசுவதைக் கேட்பதற்காக வாசிப்பது வேறு. முதலாவதை உண்மையாகச் செய்துவிட்டு, இரண்டாவதன் பலன் வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். ஞாபக சக்தியில் குறை ஒன்றும் இல்லை.

சரி, லெக்சியோ திவினா என்றால் என்ன? லத்தீனில் ‘தெய்வீக வாசிப்பு’ என்று அர்த்தம். வேத வார்த்தையை நிதானமாக, ஜெபத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பது. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 48-ஆம் அதிகாரம் ‘சோம்பல் ஆத்துமாவின் எதிரி’ என்று தொடங்கும். கைவேலைக்கு இத்தனை மணி, வாசிப்புக்கு இத்தனை மணி என்று அதில் பிரித்து வைக்கிறார். வேலையும் வாசிப்பும் ஒரே நாளின் இரண்டு கடமைகள். அதே அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன விதி இருக்கிறது. மதிய உணவுக்குப் பின் எல்லோரும் படுத்து ஓய்வெடுக்கும்போது யாராவது வாசிக்க விரும்பினால், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்கட்டும் என்கிறார். தொந்தரவு ஏன் வரும்? அவர்கள் வாய்விட்டு வாசித்தார்கள்!

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த விதியிலேயே இருக்கிறது என்பேன். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் வாசிப்பது காதில் விழுகிறது. அதனால்தான் “நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா” என்று கேட்க முடிந்தது. முதல் சங்கீதத்தில் ‘இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன்’ என்று வருகிறதே, அங்கே உள்ள எபிரெயச் சொல் ‘ஹாகா’. முணுமுணுப்பது, வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பது என்று அதற்குப் பொருள். ஏசாயா 31-இல் சிங்கம் இரைமேல் நின்று உறுமுவதற்கும் இதே சொல்தான். ஏசாயா 38-இல் நோயில் கிடந்து எழுந்த எசேக்கியா “புறாவைப்போல் புலம்பினேன்” என்கிறாரே, அதுவும் இதுதான். தியானம் என்றதும் கண்ணை மூடி மனதை வெறுமையாக்குவதை நினைக்கிறோம். வேதத்தின் தியானத்துக்கு வாய் வேண்டும், குரல் வேண்டும். யோசுவாவுக்குச் சொல்லப்பட்டதும் இந்தப் புஸ்தகம் ‘உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக’ என்பதுதான்.

கண்ணால் மட்டும் வாசிக்கும்போது நமக்குத் தெரிந்த வசனங்களின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்ற வரியில் ‘கர்த்தர்’ என்று பார்த்ததுமே மனம் மீதியை நிரப்பிவிடுகிறது. வாய்விட்டு மெதுவாகச் சொன்னால் அது முடியாது. ‘என்’ என்ற சொல்லையும் நாம்தான் உச்சரிக்க வேண்டும். சத்தமாக வேண்டாம், உங்கள் காதுக்குக் கேட்டால் போதும்.

இந்த வாசிப்பை நான்கு படிகளாகச் சொன்னவர் 12-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கீகோ. கார்த்தூசியன் என்ற துறவற சபையின் தாய் மடத்துக்கு 9-ஆவது தலைவராக இருந்தவர். கைவேலை செய்துகொண்டிருந்த ஒரு நாளில் மனதில் தோன்றியதாகச் சொல்லி, ஒரு சகோதரத் துறவிக்குக் கடிதமாக எழுதினார். வாசிப்பு, தியானம், ஜெபம், தெய்வ சமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் அதன் ருசியைப் பெறுகிறது, கடைசிப் படி அந்த இனிமையேதான் என்கிறார். “இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்” என்ற ஒரே வசனத்தை எடுத்து, அதை ஒரு திராட்சைப் பழம் என்று சொல்லி, கடித்து, மென்று காட்டுகிறார். துறவிகள் இதற்குப் பயன்படுத்திய லத்தீன் சொல்லுக்கு நேர் பொருள், மாடு அசைபோடுவது. நாமும் ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதை அசைபோடுவது என்றுதானே சொல்கிறோம்! புல்லை மேய்வது ஒரு நேரம், அதை நிழலில் படுத்து அசைபோடுவது இன்னொரு நேரம். மேய்ந்தது உடம்பில் ஒட்டுவது இரண்டாவதில்தான்.

புராட்டஸ்டன்ட் செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாகச் செய்யலாம். பெயர் லத்தீனில் இருப்பதால் தயக்கம் வருகிறது. காரியம் உங்கள் சபை வரலாற்றிலும் இருக்கிறது. மார்ட்டின் லூத்தர் 1539-இல் தம் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், 119-ஆம் சங்கீதத்திலிருந்து மூன்று காரியங்களை எடுத்துச் சொன்னார்: ஜெபம், தியானம், சோதனை. தியானம் இருதயத்துக்குள் மட்டும் நடந்தால் போதாது, வார்த்தைகளை வாயால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், மறுபடி மறுபடி வாசிக்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறார். 1535-இல் தமக்கு முடிவெட்டுகிறவர் ‘எப்படி ஜெபிப்பது?’ என்று கேட்டதற்கு அவர் எழுதிய பதில் ஒரு சிறு நூலாகவே இருக்கிறது. வசனத்தைப் பார்த்து நான்கு விதமாக ஜெபிக்கச் சொல்கிறார்: இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, எதற்காக நன்றி சொல்ல, எதை அறிக்கையிட, என்ன கேட்க. நடுவில் நல்ல நினைவுகள் வந்து நிறைந்தால் மற்ற ஜெபங்களை நிறுத்திவிட்டு அமைதியாகக் கேளுங்கள், அங்கே பரிசுத்த ஆவியானவரே பிரசங்கிக்கிறார் என்கிறார். கீகோவின் படிகளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கத்தோலிக்கருக்கு 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேத வாசிப்போடு ஜெபமும் சேர்ந்து போக வேண்டும், அப்போதுதான் அது கடவுளுக்கும் மனிதருக்கும் நடக்கும் உரையாடலாகும் என்று சொன்னது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற வழக்கு இங்கே தேவையில்லை.

இப்போது உதாரணம். மாற்கு 10:46 முதல் 52 வரை, பர்திமேயு. மொத்தம் ஏழே வசனம்.

புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு சிறுவன் சாமுவேல் சொன்னதைச் சொல்லுங்கள்: “சொல்லும், அடியேன் கேட்கிறேன்.” (ஏலி சொல்லிக்கொடுத்தது “கர்த்தாவே சொல்லும்” என்று. சாமுவேல் அந்த ‘கர்த்தாவே’யை விட்டுவிடுகிறான். பயமோ, இன்னும் அவரை அறியாததோ தெரியாது. முழுதாகச் சொல்ல வராதவனிடமும் கர்த்தர் பேசினார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.)

முதல் தடவை கதைக்காக வாசியுங்கள். கண் தெரியாத ஒருவன் வழியருகே பிச்சை எடுக்கிறான், கூப்பிடுகிறான், ஜனங்கள் அதட்டுகிறார்கள், அவன் இன்னும் அதிகமாய்க் கூப்பிடுகிறான், பார்வையடைகிறான். இரண்டாம் தடவை பாதி வேகத்தில், வாய்விட்டு. எந்தச் சொல்லில் கால் தட்டுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அது பெரிய சொல்லாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் எனக்கு “இயேசு நின்று” என்ற இரண்டு சொல்லில் தட்டியது. அவர் எருசலேமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், அடுத்த அதிகாரத்தில் நகரத்துக்குள் நுழைகிறார், சிலுவை பக்கத்தில் வந்துவிட்டது. திரளான ஜனங்கள் கூடவே நடக்கிறார்கள். அநேகர் பேசாதிரு என்று அதட்டிய ஒரு குரலுக்காக அவர் நின்றார்! பல வருடம் வாசித்தும் அந்த ‘நின்று’ என் கண்ணில் பட்டதே இல்லை.

அங்கே நின்ற பிறகு கேள்வி வருகிறது: “நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்?” கண் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றும். இந்த இடத்தில்தான் உங்கள் 6 வருட வாசிப்பு கைகொடுக்கும். இதே கேள்வி இதே அதிகாரத்தில் ஏற்கெனவே வந்திருக்கிறது. 36-ஆம் வசனத்தில் யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு கேட்கிறார். உமது வலதுபக்கம் ஒருவன், இடதுபக்கம் ஒருவன் உட்கார வேண்டும் என்கிறார்கள் அவர்கள். இவனோ “ஆண்டவரே, நான் பார்வையடையவேண்டும்” என்கிறான். கேள்வி ஒன்று, பதில் இரண்டு. அவனுக்குத் தனக்கு என்ன குறை என்று தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் தியானம் ஜெபமாகத் திரும்புகிறது. அதைக் கவனிக்கத் தமிழில் ஓர் எளிய அடையாளம் உண்டு. இதுவரை நீங்கள் ‘அவர்’ என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள்: அவர் நின்றார், அவர் கேட்டார். ஒரு கட்டத்தில் அது ‘நீர்’ ஆகிவிடும். “ஆண்டவரே, நீர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் நான் எதைச் சொல்வேன்? நானும் ஆசனம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேனோ?” அந்த மாற்றம் நடந்த நொடியில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துவிடுங்கள். மீதி வசனத்தை முடிக்கவேண்டுமே என்று பார்க்காதீர்கள். ‘அவர்’ ‘நீர்’ ஆகாமல் எவ்வளவு ஆழமாக யோசித்தாலும் அது நல்ல வேத ஆராய்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு நேரம் வரலாம். நெருங்கிய இருவர் பேசி முடித்த பின்னும் எழுந்துபோக மனமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல. அதுதான் கீகோ சொன்ன கடைசிப் படி. அதை நாம் வரவழைக்க முடியாது. சில நாள் ஒரு நிமிடம் வரும், பல நாள் வராது. வராத நாளில் ஏதோ குறைந்துபோனதாக நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள்.

எழுந்திருக்கும்போது ஒரே ஒரு வரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பர்திமேயுவிடம் சொல்லப்பட்ட “உன்னை அழைக்கிறார்” என்ற இரண்டு சொல் போதும். மதியத்துக்குள் மறந்துபோகிறது என்றீர்களே, மூன்று அதிகாரத்தை யாராலும் மதியம்வரை சுமக்க முடியாது. இரண்டு சொல்லைச் சுமக்கலாம். பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, தூங்கப் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். மாலைக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு முகம் வந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் யாரையாவது அதட்டி உட்காரவைத்திருந்தால் 48-ஆம் வசனம் தானாக வந்து முன்னால் நிற்கும். அதைச் சரிசெய்வதும் இந்த வாசிப்பின் பகுதிதான். போப் பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் எழுதியபோது, செயலில் முடியாத வரை இந்த வாசிப்பு முடிவதில்லை என்று நான்கோடு செயலையும் சேர்த்துச் சொன்னார்.

எகிப்து பாலைவனத்துத் துறவி பாம்போவைப் பற்றி 5-ஆம் நூற்றாண்டு சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பாம்போவுக்கு எழுத்து தெரியாது. சங்கீதம் கற்றுக்கொள்ள ஒருவரிடம் போனார். “என் நாவினால் பாவஞ்செய்யாதபடிக்கு நான் என் வழிகளைக் காத்து” என்ற 39-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கேட்டதும், இரண்டாவதைக் கேட்காமல் எழுந்துவிட்டார். இதைச் செய்யக் கற்றுக்கொண்டால் எனக்கு இது போதும் என்றார். ஏன் 6 மாதமாக வரவில்லை என்று பிறகு கேட்டபோது, இன்னும் அந்த வசனத்தைக் கற்கவில்லை என்றார். நீண்ட காலம் கழித்து வேறொருவர் கேட்டபோது, 19 வருடத்தில் இப்போதுதான் கொஞ்சம் வந்திருக்கிறது என்றாராம். நாவை அடக்குவது பற்றிய வசனம் என்பதால், கேட்கும்போதே 19 வருடம் நியாயமாகத்தான் படுகிறது.

ஓர் எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஒரு சொல்லில் நிற்பது என்றால், அந்தச் சொல்லை அதன் இடத்திலிருந்து பிடுங்கி நம் ஆசைக்கு உடுத்துவது என்று ஆகிவிடக் கூடாது. கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனம்தான் இன்றைய செய்தி என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது சீட்டுப் போடுவதற்குச் சமம். எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” வாக்குத்தத்தமாக எத்தனை பேர் சுவரில் மாட்டியிருக்கிறோம்! அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருடம் முடிந்தபின்பு என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று கர்த்தர் சொன்னார். இது தெரிந்தால் வசனத்தின் ஆறுதல் குறையாது. இன்னும் உறுதியாகும், காத்திருக்கவும் பலம் தரும். அதனால் அந்தப் பகுதி யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்பதை முதல் வாசிப்பிலேயே பார்த்துவிடுங்கள். நல்ல விளக்கவுரை இருந்தால் அதை வேறொரு நேரத்தில் திறங்கள், இந்த 20 நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டாம். நடுவில் வாழ்க்கையை மாற்றும் பெரிய தீர்மானம் எதாவது தோன்றினால், உங்கள் போதகரிடமோ முதிர்ந்த ஒரு விசுவாசியிடமோ சொல்லிப் பாருங்கள்.

மனம் அலைகிறதே என்பீர்கள். அலையும், எல்லோருக்கும் அலையும். அலைந்துபோன இடத்தில் ஒரு கவலை இருந்தால் அதையும் சேர்த்து ‘நீர்’ என்று சொல்லிவிட்டு நின்ற சொல்லுக்குத் திரும்புங்கள். ஒரு சொல்லும் தட்டாத நாளில், பகுதியின் கடைசி வரியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியில் ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் தம் மாணவர்களைத் தினமும் காலையில் அரை மணி நேரம் மௌனமாகத் தியானிக்க வைத்தார். ஒரு வாரம் முழுக்க ஒரே வேதப் பகுதி. ஊழியத்துக்குப் படிக்க வந்த அந்த இளைஞர்களே முதலில் இதற்குத் திணறினார்கள். உங்களுக்கு முதல் மாதம் சலிப்பாக இருந்தால் அது வழக்கமானதுதான்.

என் அப்பா மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரத்தில் என்னால் ஓர் அதிகாரமும் வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைத் திறப்பேன், எழுத்து ஓடும், மூடிவிடுவேன். அப்போது வாயில் நின்றது 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் மட்டும்: “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.” பாலைவனத் துறவிகள் இதே வசனத்தை வேலையிலும் நடையிலும் படுக்கையிலும் விடாமல் சொல்லிவந்தார்கள் என்று 5-ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் எழுதியிருக்கிறார். அதை நான் முன்பே படித்திருந்தேன், ஒரு தகவலாக. அந்த நடைபாதை நாற்காலியில் ‘தீவிரியும்’ என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மூச்சு திரும்பிவந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு அந்தச் சங்கீதத்தோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரத்தில் விசேஷமாக எதுவும் நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

உங்கள் 20 நிமிடம் போதும். அட்டவணையை நிறுத்த வேண்டாம், அதை மாலைக்கு மாற்றுங்கள், தேவைப்பட்டால் இரண்டு வருடத் திட்டமாக நீட்டிக்கொள்ளுங்கள். காலை நேரத்தை ஒரே புத்தகத்துக்குக் கொடுங்கள். மாற்கு சுவிசேஷம் நல்ல தொடக்கம், அல்லது 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்கள். நாளுக்கு 6 முதல் 10 வசனத்துக்கு மேல் வேண்டாம். செல்பேசியைத் தவிர்த்து அச்சுப் புத்தகத்தை எடுங்கள், ஒரே இடத்தில் உட்காருங்கள். ஒரு சிறிய நோட்டில் தேதியும் அன்று நின்ற சொல்லும் மட்டும் எழுதுங்கள், விளக்கம் எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்து அந்தச் சொற்களை மேலிருந்து கீழாக வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அப்புறம், என்ன கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.